மெருகுக்கடியில் ஒரு நூல்

“ஆத்துல முங்கிச் செத்தவனோட கிட்டார் எப்பிடிக்கா விலைக்கு வரும்? அவன்கூட அதுவும்ல போச்சு?” என்றான் ராஜபாண்டி.

“மரம் மிதக்கும் பாண்டி,” என்றாள் சித்ராதேவி.

“அப்ப அதைப் புடிச்சுக்கிட்டே அந்த மனுசன் கரையேறியிருக்கலாமே.”

எதிரே உட்கார்ந்திருந்த இந்துமதி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். ராஜபாண்டி சாத்தூரிலிருந்து திருப்பூருக்கு டெய்லர் வேலைக்கு வந்து, ஓவர்லாக் மெஷினில் குனிந்து குனிந்து முதுகு போனதும் சித்ராதேவியிடம் உதவி ஆளாகச் சேர்ந்தவன். முதுகு போனாலும் வாய் போகவில்லை.

சித்ராதேவியும் பெரிய படிப்புக்காரி இல்லை. பாதி ஆயுசு பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றவள். துணியில் ஓட்டையும் கறையும் தேடிப் பழகின கண்ணை இப்போது மனிதர்கள் மேல் ஓட்டுகிறாள். பட்டன் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேஜை, வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை. வருகிறதெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா என்கிற கேஸ்தான். புருஷன் செத்தானா இருக்கிறானா என்று கேட்டு வந்தவள் இந்துமதி ஒருத்திதான்.

“சித்தெ மறுக்காவும் சொல்லு கண்ணு. எதையும் உட்டுறாத,” என்றாள் சித்ராதேவி.

“போன ஐப்பசில நொய்யல்ல தண்ணி கரையைத் தொட்டு ஓடுச்சுல்லீங்க. அன்னிக்குத்தானுங்க. என்ற ஊட்டுக்காரரு நிட்டிங் ஷிப்டு முடிச்சு ஊட்டுக்கு வரல. வண்டியும் செருப்பும் ஆத்தங்கரையில கெடந்துச்சு. ஆளு கெடைக்கல. கிட்டாரும் ஊட்டுல இல்ல. அதையும் கட்டிப் புடிச்சுட்டுத்தான் எம்பையன் உழுந்துட்டான்னு என்ற மாமியா சொன்னாங்க.”

“சரி.”

“நாளைக்குக் காத்தால கருமாதிங்க. வருசம் ஆகப் போகுது, இனி வரமாட்டான்னு மாமியாதான் நாள் பாத்துக் குறிச்சாங்க. சொந்தமெல்லாம் வந்தாச்சு. ஆத்தங்கரையில வெச்சு என்ற தாலியை வாங்கீருவாங்க. அவரு செத்துட்டாருன்னா வாங்கட்டுங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா இதைப் பாத்ததுக்கப்பறம் எப்பிடீங்க நான் போயி மணையில உக்கார்றது?”

இது என்று அவள் சொன்னது போனில் இருந்த ஒரு படம். நல்லூரில் யாரோ விற்க வைத்திருக்கிற பழைய கிட்டார். அவள் புருஷன் மகுடேஸ்வரன் வைத்திருந்தது சிவப்புச் சாயம் பூசினது. இது தேன் நிறம். மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி சுரண்டி, புதிதாக மெருகு போட்டிருந்தது. ஆனால் உடம்பின் ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பொடிப் பொடியாகப் பள்ளங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு.

“என்ற புள்ளை அக்ஷரா பல்லு மொளைக்கறப்பக் கடிச்சதுங்க. இப்ப அவ ரெண்டாப்புப் படிக்கறா. வாசிக்கறப்ப அவரு கை வெக்கற எடம் அது.”

“வேற அடையாளம்?”

“பின்னாடி என்ற பேரைக் கத்தியில செதுக்கி வெச்சிருந்தாருங்க. கண்ணாலம் ஆன புதுசுல.” சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “போட்டோல பின்பக்கம் தெரியிலீங்க.”

“மாமியாகிட்டக் காட்டுனியா?”

“காட்டினேனுங்க. ஊருல ஒரு புள்ளைக்குத்தான் பல்லு மொளைச்சுதான்னு கேட்டாங்க. அவங்களும் மனசு ஒடஞ்சு போயித்தான் இருக்கறாங்க. அமாவாசை தவறாம தூக்குப்போசி நெறையச் சோறு கொண்டு போயி ஆத்தோரம் காக்காய்க்கு வெச்சுட்டு வாராங்க. காத்தால போனா பொழுதோடதான் ஊடு திரும்பறது. அவருக்குப் புடிக்கும்னு கோழிக்கொழம்பு வேற. அமாவாசையும் அதுவுமா ஆராச்சும் கோழி அடிப்பாங்களா? கேட்டா, எம்பையனுக்கு நான் வெக்கறேன், உனக்கென்னன்னுருவாங்க. ஒருக்கா போசியே ஆத்துல போயிருச்சுன்னு அழுதுட்டு வந்தாங்க.”

“அமாவாசையில கோழி திங்கிற காக்கா,” என்றான் ராஜபாண்டி. “எங்க ஊர்ப் பக்கமெல்லாம் கெடையாதுக்கா.”

சித்ராதேவி எழுந்து செருப்பை மாட்டினாள்.

நல்லூரில் அந்த வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினபோது கீழ்வீட்டுத் தையல் மெஷின்களின் சத்தம் படிக்கட்டு வழியாகக் கூடவே ஏறி வந்தது. கிட்டாரை விற்க வைத்திருந்தவன் ஷாபாஸ். செல்போன் கடையில் வேலை. பழைய கிட்டார், கீபோர்டு வாங்கி விற்பது அவனுடைய சைடு சோலி. வாங்க வந்தவர்கள் என்று நினைத்து பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டான்.

“பாருங்கக்கா, தட்டிப் பாருங்க. என் கையால பண்ணினது,” என்றான்.

“எல்லாமே நீயேவா?”

“எல்லாமே. பழைய பெயிண்ட்டைப் பூராச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அரக்கை ஸ்பிரிட்டுல ஊற வெச்சுக் கை மேல கையா மெருகு கொடுத்திருக்கேன். இதே மாடிலதான். கடைல கொடுத்தா ஸ்ப்ரே அடிச்சுத் தந்துருவான். அதுல மரம் மூச்சு விடாது.”

“மூச்செல்லாம் உடுமா?” என்றான் ராஜபாண்டி. “எங்க கம்பெனியில மனுசனையே உடமாட்டாய்ங்க.”

சித்ராதேவி கிட்டாரை வாங்கி மடியில் கவிழ்த்தாள். பின்பக்கம் பளிங்கு மாதிரி இருந்தது. பெயர் ஏதும் இல்லை. வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து மெள்ளத் திருப்பினாள். பலகை முழுக்க நேராக ஓடி வந்த வெளிச்சம் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் லேசாக உள்வாங்கி மறுபடி எழுந்தது. கையால் தடவினாள். அந்த இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. எழுத்து ஆழமாக இருந்திருக்கிறது. அது போகிறவரைக்கும் யாரோ விடாமல் தேய்த்திருக்கிறார்கள்.

அவள் கிட்டாரை நிமிர்த்தினாள்.

“தேய்ச்ச தூசியை எதுல தம்பி தொடைச்ச?”

“பனியன் வேஸ்ட்லதாங்க. நல்லூர்ல வேற எதுல தொடைப்பாங்க?”

அது சரியான பதில்தான். கட்டிங் டேபிளிலிருந்து விழுகிற துண்டுத் துணி இந்த ஊரில் இல்லாத இடம் கிடையாது. வண்டி துடைக்கிறது அதில். டீக்கடைப் பலகை துடைக்கிறது அதில். குழந்தை மூக்கு துடைக்கிறதும் அதில்தான். காலுக்கடியில் கிடப்பதை விட்டுவிட்டு வேறு எதையும் யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

சித்ராதேவி பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கண்ணாடியை எடுத்தாள். செக்கிங்கில் நூல் எண்ணுவதற்கு வைத்திருந்தது. கிட்டாரின் கழுத்தும் உடம்பும் சேருகிற மூலையில், மெருகு கொஞ்சம் தேங்கி நின்ற இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

“பாண்டி, மெருகுக்கு அடியில என்ன தெரியுது?”

“நூலு.”

“என்ன நூலு?”

“அக்கா, நான் தைச்சவன். நூத்தவன் இல்ல.”

அவள் ஊசிமுனையால் கீறி அந்த நூலின் நுனியைக் கிளப்பினாள். உரித்து எடுத்து விரலுக்கு நடுவே வைத்து முறுக்கைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஷாபாஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பனியன் துணி வளையம் வளையமாப் பின்னினது. அதுலருந்து உதிர்ற நூல் சுருட்டை சுருட்டையா இருக்கும். ஏதாவது ஒரு சாயம் இருக்கும். இது குச்சியாட்டம் நேரா கெடக்குது. சாயமே பாக்காத காடா நூல். முறுக்கைப் பாரு, பிரியவே மாட்டீங்குது. பனியனுக்கு இவ்வளவு முறுக்குக் குடுத்தா போட்டவன் நாள் பூராச் சொறிஞ்சுட்டு நிப்பான். இது தறிக்கு ஓட்டற பாவு நூல். தறிக்குடோன்ல எண்ணெயும் தூசியும் தொடைக்க இந்த வேஸ்டைத்தான் கொத்தாக் கொத்தா வெச்சிருப்பாங்க. உங்க வீட்டுக்குக் கீழயே பனியன் வேஸ்டு மூட்டையாக் கெடக்கறப்ப, தறி வேஸ்டைத் தேடி எங்க தம்பி போன?”

ஷாபாஸ் கையை மூடினான். பதில் வேறு பக்கமிருந்து வந்தது. டீ டம்ளர்களோடு படியேறி வந்த அவனுடைய அம்மா ஷரீபுன்னிசா, தட்டைச் சுவர் மேல் வைத்தாள்.

“இவன் தேய்ச்சானாமா? தின்ன தட்டையே நான்தான் எடுத்துக் கழுவணும். அது இதே பளபளப்போடதாம்மா ஊட்டுக்குள்ள வந்துச்சு.”

“அம்மா, நீங்க கீழ போங்க.”

“போறேன். பொய் சொன்னதுக்கு, வந்தவங்களுக்கு டீயாவது குடு.”

ராஜபாண்டி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டான். “தம்பி, இந்தக் கிட்டாரை வாசிச்ச ஆளு செத்துட்டான்னு பேச்சு. நீதான் இதைத் தேய்ச்சேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, நீதான் அவனையும் தேய்ச்சேன்னு போலீஸு எழுதிக்கிரும். பெறகு கையால பண்ணுன வேலைன்னு அங்கயும் பெருமைப்பட்டுக்க வேண்டியதுதான்.”

ஷாபாஸ் உட்கார்ந்துவிட்டான். கையால் மெருகு போட்டது என்றால் சீக்கிரம் விற்றுப்போகும் என்பதற்காகச் சொன்னதாம். நூல் பண்டல் ஏற்றி வருகிற டெம்போ டிரைவர் ஒருத்தர் கொண்டு வந்து கொடுத்தாராம். அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“அதுங்களா,” என்றார் டிரைவர். “சோமனூருங்க. கந்தப்பன் தறிக்குடோன்ல ராசுன்னு ஒரு ஆளு. எங்கியாச்சும் தூரமாக் குடுத்துருங்கண்ணான்னாருங்க. நமக்கு ஓட்டமே திருப்பூரு வரைக்குந்தானுங்களே. அதுக்கு மேல தூரத்துக்கு நான் எங்க போறது?”

“கிட்டாரை எடுத்துட்டுப் போங்கக்கா,” என்றான் ஷாபாஸ். “எனக்கு வேண்டாம்.”

சோமனூருக்கு ராஜபாண்டி கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தான். வண்டியை ஓட்டினது சித்ராதேவி. மத்தியான வெயில் தார் ரோட்டிலிருந்து திரும்பி மூஞ்சியில் அடித்தது.

“அக்கா, இது எனக்கு ஒத்து வரல. செருப்பு ஆத்தங்கரையில. ஆளைக் காணோம். அவன் கிட்டாரு ராசு கையில. ராசு அடையாளத்தைச் சுரண்டி, கலரை மாத்தி, தூரமா தள்ளிவிடுன்றான். நாம ரெண்டு பேரும் கொலைகாரன் ஊட்டுக்கு டிவிஎஸ்ஸுல போய்க்கிட்டு இருக்கோம்.”

“பேரைச் சுரண்டினவன் பல்லை ஏன் சுரண்டல?”

“மறந்திருப்பான்.”

“உள்ளங்கை அகலத்துக்குக் குழியற வரைக்கும் ஒரு பேரைத் தேய்ச்சவன் மறக்கறவன் இல்ல பாண்டி.”

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர்கள். கந்தப்பன் வாசலில் நின்று கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

“ராசுங்களா? தங்கமான மனுசனுங்க. வந்து ஒரு வருசம் ஆகப் போகுது. தான் உண்டு தறி உண்டுன்னு இருப்பாப்ல. டீக்குப் போயிருப்பாப்ல. பின்னாடி ரூமு அவருதுதான், உக்காருங்க.”

ரூம் என்றால் ஒரு ஆள் படுக்கலாம், இரண்டாவது ஆள் நிற்கலாம். ஒரு கயிற்றுக் கட்டில். கொடியில் இரண்டு சட்டை. மூலையில் ஒரு பலகை மேல் உடைந்த கண்ணாடிச் சில்லு, தேய்ந்து மழமழவென்று போன உப்புத்தாள், கொத்து நூல் வேஸ்ட். சிவப்புச் சுருளாகப் பெயிண்ட்டுச் சீவல் இன்னும் சுவரோரம் கிடந்தது. இங்கே உட்கார்ந்துதான் அதைச் சுரண்டியிருக்கிறான்.

ராஜபாண்டி கதவோரம் கிடந்த தறிக்கட்டையை எடுத்து வைத்துக்கொண்டான்.

“அக்கா, சீக்கிரம் பாருங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.”

பலகைக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. உள்ளே அரக்கு காய்ந்து கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தில்தான் மெருகை ஊற வைத்திருக்கிறான். இனி அதில் சோறு போட முடியாது. சித்ராதேவி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்துக்குக் கீழே வழிந்து காய்ந்திருந்த அரக்கை நகத்தால் பெயர்த்தாள். புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

ரங்காத்தாள்.

“யாருக்கா அது?”

“இந்துமதியோட மாமியா.”

“சரியாப் போச்சு. கிட்டாரையும் எடுத்தான், கையோட ஊட்டுப் பாத்திரத்தையும் எடுத்துட்டானா? என்னக்கா இவன், கொலை பண்ண வந்தவனா, காயலாங்கடைக்காரனா?”

“இது ஆத்துல போன போசி பாண்டி.”

“அப்ப ஆத்துல வந்ததை எடுத்திருப்பான்.”

“நொய்யல் எந்தப் பக்கம் ஓடுது?”

ராஜபாண்டி யோசித்தான். “இங்கருந்து திருப்பூருக்கு.”

“திருப்பூர்ல தண்ணியில உட்ட போசி, எதிர்த் தண்ணியில ஏறி சோமனூர் வந்து, ஆள் ரூமுக்குள்ள வந்து உக்காந்துக்குமா?”

அந்த நேரம் கரண்ட் போனது. ஊர் முழுக்க அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றது. அந்த அமைதியில் ராஜபாண்டி கேட்ட கேள்வி அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

“அமாவாசைக்குக் கோழிக்கொழம்பு… அப்ப அந்தம்மா…”

வாசலில் நிழல் விழுந்தது. தாடி வைத்த ஒருத்தன் டீ பார்சலோடு நின்றான். இந்துமதி கொடுத்த கல்யாணப் போட்டோவில் இருந்தவன். இளைத்திருந்தான். அவன் கண் முதலில் ஆட்களைப் பார்க்கவில்லை. ராஜபாண்டி முதுகில் தொங்கின கிட்டாரைப் பார்த்தது.

ராஜபாண்டி தறிக்கட்டையைக் கீழே வைத்தான்.

“அக்கா,” என்றான். “காக்கா வந்துருச்சு.”

மகுடேஸ்வரன் ஓடவில்லை. டீயைப் பலகை மேல் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

“அவ அனுப்புனாளுங்களா?”

“அவளுக்கு நீ செத்துட்டயா இருக்கறயான்னே தெரியாது,” என்றாள் சித்ராதேவி. “தெரிஞ்சவ ஒருத்திதான். மாசா மாசம் சோறு கொண்டு வர்றாளே, அவ.”

“அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்.”

“என்னான்னு?”

“செத்தவனாவே இருந்துக்கறேன்னு.”

அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவ நல்லவதான். ஷிப்டு, ஊடு, ஷிப்டு. நான் ஊட்டுக்குள்ள போறப்ப அவ வேலைக்குக் கெளம்பி நிப்பா. அன்னிக்கு ஆத்துல தண்ணி போறதைப் பாத்துட்டே நின்னேன். அதை ஆரும் பேரு சொல்லிக் கூப்படறதில்ல. நேரத்துக்கு வான்னு சொல்றதில்ல. உழுந்தரலாம்னுதான் செருப்பைக் கழட்டினேன். உழுகறதுக்குத் தெம்பு இல்லீங்க. அப்பறம் அந்தச் செருப்பை மறுக்கா மாட்டறதுக்கும் தெம்பு இல்ல.”

“கிட்டார்?”

“அம்மா கொண்டாந்து குடுத்தாங்க. அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் சுரண்ட உக்காந்தேன்.” முதல் முறையாக அவன் குரலில் ஒரு உயிர் வந்தது. “அந்தச் செகப்புக்கு அடியில இவ்வளவு நல்ல மரம் இருந்திருக்குதுங்க. அத்தனை வருசம் தெரியாமயே வாசிச்சிருக்கறேன். கண்ணாடிச் சில்லுல ஒரு இழுப்பு இழுத்தா, புதுசா ஒண்ணு வெளிய வருதுங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மேல இருக்கறதையெல்லாம் எடுத்துட்டா…”

“மரத்துக்குப் பொண்டாட்டி புள்ளை இல்ல,” என்றாள் சித்ராதேவி.

அவன் விரலில் ஒட்டியிருந்த நூல் துணுக்கைப் பிய்த்தான்.

“பேரை எடுத்தவன் பல்லை ஏன் விட்ட?”

“அது ஓரத்துல இருக்குதுங்க. உப்புத்தாள் எட்டல.”

“எட்டும்,” என்றாள் சித்ராதேவி.

வெளியே யாரோ கரண்ட் எப்ப வரும் என்று லைன்மேனைத் திட்டினார்கள். மகுடேஸ்வரன் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

“மனசு வரலீங்க. சரி, விட்டுட்டு வாசிப்போம்னு மெருகெல்லாம் போட்டு, கம்பி கட்டி, மடில வெச்சேன். கை நேரா அந்தப் பல்லு மேலயே போயி உக்காருது. ஒரு பாட்டு முழுசா வாசிக்க முடியல. அதான் குடுத்து உட்டேன்.”

“நாளைக்கு உன் கருமாதி. வர்றியா?”

“அம்மா வர வேண்டாம்னுட்டாங்க.”

ராஜபாண்டி தறிக்கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“நாளையோட எல்லாம் முடிஞ்சுருமுங்க,” என்றான் மகுடேஸ்வரன். “செத்ததாவே இருக்கட்டும்னு சொல்லீருங்க. அவளுக்கும் அதுதான் நல்லது.”

“அவளுக்கு எது நல்லதுன்னு சொல்ல நீ ஆரு? நீதான் செத்துட்டயே.”

சித்ராதேவி போசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கரண்ட் வந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அவன் பின்னாலிருந்து ஏதோ கேட்டான். உதடு அசைந்தது தெரிந்தது. புள்ளை என்று ஆரம்பித்த மாதிரி இருந்தது. அவள் நின்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆத்தங்கரையில் சாமியானா போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக சேரில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரங்காத்தாள், தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். எஞ்சாமி, என்னைத் தனியா உட்டுட்டுப் போயிட்டியே என்று அவள் சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அப்படி ஒரு அழுகை.

இந்துமதி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள், கடைசியாக.

“உசுரோட இருக்கறாருங்களா?”

“இருக்கறான்.”

“வாராருங்களா?”

“இல்ல கண்ணு.”

சித்ராதேவி மிச்சத்தையும் சொன்னாள். தறிக்குடோன், அமாவாசை, கோழிக்கொழம்பு. சுருக்கமாகத்தான் சொன்னாள். நீட்டிச் சொன்னால் வலி குறையப் போவதில்லை. பிறகு கிட்டாரைக் கொடுத்தாள்.

இந்துமதி அதைக் கவிழ்த்தாள். பேர் இருந்த இடத்தைக் கண்ணால் தேடவில்லை, விரலால் தேடினாள். குழிந்த இடத்தில் விரல் நின்றது.

“நல்லாத்தான் தேச்சிருக்கறாரு,” என்றாள். “ஊட்டுல ஒரு கதவு பிடி கழண்டா அதை மாட்டறதுக்கு நேரம் இல்லைன்னவரு.”

பிறகு ஓரத்தைத் தடவினாள். இரண்டு, இரண்டு. மெருகுக்கு அடியில் அந்தப் பல் தடம் புதிதாகக் கடித்த மாதிரி பளபளத்தது.

“இதை உட்டுட்டாரு.”

“ஆமா,” என்றான் ராஜபாண்டி.

“நீ இப்ப ஒரு வார்த்தை சொன்னாப் போதும்,” என்றாள் சித்ராதேவி. “இந்தப் பந்தலை நான் பிரிச்சுக் காட்டறேன்.”

இந்துமதி பந்தலைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். அக்ஷரா ஒரு அத்தை மடியில் உட்கார்ந்து, ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வேண்டாங்க. இருக்கறாருன்னு சொன்னா நாளைக்கு எல்லாரும் போயிக் கையக் காலப் புடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. அப்பறம் அந்த ஆளுக்கு நான் சோறு போடோணும்.” கிட்டாரை ராஜபாண்டியிடம் கொடுத்தாள். “இதைப் பத்தரமா வெச்சிருங்கண்ணா. பல்லு என்ற புள்ளையோடது. அந்தப் போசியைக் குடுங்க.”

போசியை வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் போனாள். மணையில் உட்கார்ந்தாள். தாலி வாங்குவதற்காக நிறுத்தி வைத்திருந்த கிழவி கையை நீட்டினாள். இந்துமதி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். தானே இரண்டு கையாலும் தாலிக்கொடியைத் தலை வழியாகக் கழற்றினாள். அரக்கு காய்ந்த போசிக்குள் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

எழுந்து போய் அதை ரங்காத்தாளின் மடியில் வைத்தாள்.

ரங்காத்தாள் குனிந்து பார்த்தாள். தன் பேர் வெட்டின போசி. எஞ்சாமி என்று எடுத்த குரல் பாதியில் நின்றது. அடிக்கத் தூக்கின கை மார்புக்கு முன்னால் அப்படியே நின்றது. சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் விடாமல் அழுதார்கள். அந்தப் பந்தலில் இருந்த பெண்களில் அழாதது செத்தவனின் அம்மாவும் பொண்டாட்டியும்தான்.

“அடுத்த அமாவாசைக்குப் போறப்ப இதையும் கொண்டுட்டுப் போங்கத்தை,” என்றாள் இந்துமதி. சத்தமில்லாமல், மரியாதையாக.

பக்கத்து சேரில் இருந்த பெரியவர் ஒருத்தர் காதில் கை வைத்துச் சாய்ந்தார். “ஏங்கண்ணு, போசில என்ன?”

“காக்காய்க்குங்க,” என்றாள் இந்துமதி.